பகலில் தூங்கும் பிள்ளை

பிப்ரவரி 3

அக்கா,

உன் மகளுக்கு உன் முகம் தெரியாது.

முதலில் நலமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிறேன். நலமா? இடுப்பு வலி குறைந்ததா? நாங்கள் இருவரும் இங்கே இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் ஆறேழு பேர் ஒரே நீலச் சட்டையில் நிற்கும் படம். சிட்டுவிடம் காட்டி, "இதுல அம்மா எங்க? தொட்டுக் காட்டு பாக்கலாம்" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. உனக்குப் பக்கத்தில் நிற்கும் குண்டுப் பெண்ணின் வயிற்றில் விரலை வைத்தாள். "அது இல்லடி, இதுதான் அம்மா" என்று உன்னைக் காட்டினேன். உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது நீதான சித்தி" என்றாள். நம் இருவருக்கும் ஒரே மூக்காக அமைந்துபோன வினை. சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அது எனக்கே பிடிக்கவில்லை.

நீ போகும்போது அவளுக்கு ஒரு வயது. இப்போது நாலு. அவளைப் பொறுத்தவரை அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அடிக்கும் போன். நமக்கு மதியம் என்றால் அங்கே நடுராத்திரி. எங்களுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து பேசுகிறாய் என்று நினைத்தால் உன்னைத் திட்ட வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் இவள் பட்டனை எல்லாம் அமுக்குகிறாள். காகிதத்தில்தான் நமக்கு ஒழுங்காகச் சண்டை போட வருகிறது.

காலையில் இவளைப் பாலர் பள்ளியில் தள்ளிவிட்டுச் சட்டைக் கம்பெனிக்கு ஓடுகிறேன். நாள் முழுக்கக் காலர் தைக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பூட்டுவதற்குள் திரும்பி ஓடி வருகிறேன். ஓடுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உன் புருஷன் எங்கே தொலைந்தான் என்றும் கேட்கவில்லை. சித்தி என்ற பெயரில் எத்தனை வருடம் அம்மா வேலை பார்ப்பது என்று மட்டும் கேட்கிறேன். இவளை எப்போது கூட்டிக்கொள்ளப் போகிறாய்?

வேளைக்குச் சாப்பிடு. பதிலில் தேதி இருக்கட்டும், கண்ணீர் வேண்டாம்.

உன் தங்கை


பிப்ரவரி 21

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் சிட்டுவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இங்கே வேறு நினைப்பு இல்லை. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஈரத் துணி கனம்.

தேதி கேட்டாய். ஏப்ரல் கடைசி. ஆஸ்பத்திரிச் சலவையை எடுத்து நடத்தும் காண்ட்ராக்டர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், போடுவதாகச் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்து திரும்பும் ஒருத்தி அவளைக் கூட்டி வருவாள். என் அறையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். பிள்ளை வரட்டும், ஆனால் சத்தம் கேட்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். விடுதி வார்டனும் அதையேதான் சொல்கிறார்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். போன வருடம் பக்கத்து அறைக்காரி தன் மகனை வரவழைத்தாள். சிட்டு வயதுதான். பிள்ளை வந்து சேர்ந்தான், அவனுடைய தூக்கம் வந்து சேரவில்லை. பகலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். ராத்திரி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அழுவான். கொஞ்ச நாளில் தொண்டை கட்டிப்போய், வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மாடி முழுக்கப் புகார். இரண்டு வாரத்துக்குள் அவனை ஊருக்கே திருப்பி அனுப்ப வைத்துவிட்டார்கள். சிட்டுவுக்கு அப்படி ஆகக் கூடாது.

குழந்தைப் பிரிவில் ஒரு நர்ஸிடம் கேட்டேன். பிள்ளைகளின் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுமாம். கிளம்புவதற்குச் சில நாள் முன்பிருந்து படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனால் நல்லது என்றாள். விழித்திருக்கும்போது வெளிச்சம், தூங்கும்போது இருட்டு, சாப்பாடும் அதற்கேற்ற மாதிரி. வந்து சேர்ந்ததும் காலை வெயிலில் ஓடியாட விட்டால் மீதி தானாகச் சரியாகிவிடும், ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் போதும் என்றாள்.

அந்த ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொள்ள இங்கே யாரும் தயாராக இல்லை. அதனால் நீ கொஞ்சம் தள்ளினால் போதாது, முழுக்கத் தள்ளிவிடு. விமானத்தில் ஏறும்போதே அவள் இந்த ஊர்ப் பிள்ளையாக ஏறட்டும். இங்கே ராத்திரி என்றால் அவளுக்கும் ராத்திரியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவைகூட விழிக்காமல் விடியும்வரை தூங்க வேண்டும். அதுதான் முக்கியம்.

அவள் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

அக்கா


மார்ச் 10

அக்கா,

நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன், இடுப்பைத் தவிர.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் முதலாளியின் பேரன் ஞாபகம் வந்தான். கம்பெனிக்குப் பின்னால்தான் அவர்கள் பங்களா. போன வருடம் அவன் வெளிநாடு சுற்றிவிட்டு வந்து இப்படித்தான் பகலில் தூங்கினான். பின்பக்கத்து மெஷின் வரிசையையே நிறுத்தி, எங்களை முன்பக்கம் நெருக்கி உட்கார வைத்தார்கள். ஒருத்தி முழங்கை இன்னொருத்தி விலாவில். "பாவம், கொழந்தைக்குப் பயணக் களைப்பு. யாரும் சத்தமாப் பேசாதீங்க" என்று சூப்பர்வைசர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நடந்தார். அவன் தூங்குவதற்காக ஒரு கம்பெனி மூச்சை அடக்கியது. நம் பிள்ளை தூங்காவிட்டால் அது புகார். ஒரே தூக்கம், ஒரே வயது. யார் பெற்றது என்பதுதான் வித்தியாசம்.

திட்டிவிட்டேன். ஆனால் நீ சொன்னதை ஆரம்பித்துவிட்டேன்.

கோட்டுக்கு உள்துணி வைக்கும் கறுப்புத் துணி கம்பெனியில் கழிவில் கிடந்தது. கேட்டு வாங்கி, இரட்டையாகத் தைத்து ஜன்னலில் மாட்டினேன். படுக்கும் நேரத்தைத் தினம் கொஞ்சம் தள்ளுகிறேன். முதலில் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். தெருவே அடங்கிய பிறகும் தன்னை யாரும் படு என்று சொல்லவில்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. குண்டு பல்பின் கீழே உட்கார்ந்து காலர் துண்டுகளை அடுக்கி வீடு கட்டுகிறாள். நான் தூங்கி விழுந்தால், "சித்தி, கண்ணை மூடாத, நீ மூடினா எனக்கு இருட்டுது" என்கிறாள். கறுப்புத் துணி மாட்டிய அன்று, "சூரியன யாரு நிறுத்தினாங்க?" என்று கேட்டாள். "ஒங்கம்மா" என்றேன். "போன்லயா?" என்றாள்.

கீழ் வீட்டு வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "ராத்திரி பூரா தொம் தொம்னு குதிக்குறது யாரு, நீயா அவளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாலர் பள்ளியில் இவள் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். டீச்சர் எழுப்பினால் கடிக்கிறாளாம்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே நீ வேலைக்குப் போகும்போது இவள் எங்கே இருப்பாள்? பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா? உன் வேலை நேரம் என்ன?

வெந்நீர் ஒத்தடம் கொடு. முத்தம் கொடுத்தேன், துடைத்துவிட்டாள்.

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததே எனக்குப் பாதி உணவு.

நீ செய்வது கேட்டு மனசு நிறைந்தது. நிறுத்தாதே. ஜன்னலில் மட்டும் இல்லை, கதவிடுக்கிலும் வெளிச்சம் வராமல் பார். விழிக்கிற நேரத்தில்தான் முதல் சாப்பாடு. தூக்கத்தில் சிணுங்கினால் தூக்கிவிடாதே, கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிட வேண்டும். கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற பழக்கம் இங்கே வந்தால் கஷ்டம்.

அவளுக்கு ஒரு சின்ன மெத்தை வாங்கிவிட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரியாக உட்காருகிறது. உறையில் மஞ்சள் வாத்துகள். கழிவில் வந்த போர்வையை நாலாக வெட்டி ஓரம் மடித்து வைத்திருக்கிறேன். உன் அளவுக்குத் தையல் நேராக வரவில்லை, சிரிக்காதே.

வேலை நேரம் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரி வேலைதானே, முன்னே பின்னே இருக்கும். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தூக்கத்தை மட்டும் பார்.

அவள் எப்படித் தூங்குகிறாள் என்று எழுது. குப்புறவா, ஒருக்களித்தா? எனக்கு மறந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

இங்கே யாவரும் உயிரோடு.

முடிந்தது. உன் மகள் இப்போது முழுக்க உன் ஊர்க்காரி. நமக்கு விடியும்போது அவளுக்குக் கண் சொருகுகிறது. நான் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் தூங்கிவிடுகிறாள். சாயங்காலம் நான் திரும்பி வந்து எழுப்பினால் அவளுக்குக் காலை. பல் தேய்த்துவிட்டு, "இன்னிக்கி எங்க போலாம்?" என்கிறாள். எங்கே போவது? கடைகள் ஷட்டரை இழுக்கும் நேரம். கை பிடித்துக்கொண்டு தெருவிளக்கு வெளிச்சத்தில் முனைவரை நடந்துவிட்டு வருகிறோம். ஊஞ்சல் இருக்கும் பூங்காவைப் பூட்டிவிடுகிறார்கள். கம்பிக்கு வெளியே நின்று ஊஞ்சலைப் பார்த்துவிட்டு வருவாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு ஆந்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஆந்தை என்றால் என்னவென்று தெரியாது, பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறாள்.

பாலர் பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். "தூங்குறதுக்கு இங்க எதுக்கு ஒரு எடத்த அடைக்கணும்?" என்றாள் டீச்சர். அதே வாரம் அந்த இடத்தில் வேறு பிள்ளையைச் சேர்த்துவிட்டாள். எப்படியும் மாதக் கடைசியில் கிளம்பப் போகிறவள்தானே என்று நானும் சண்டை போடவில்லை.

ஒருக்களித்துத்தான் தூங்குகிறாள். ஒரு கை கன்னத்துக்கு அடியில். பக்கத்தில் இடி விழுந்தாலும் அசைவதில்லை. நீ கேட்டது அதுதானே.

நான்தான் இரண்டு ஊரிலும் வாழ்கிறேன். பகலில் காலர், ராத்திரி உன் மகள். நேற்று காலரைக் கைப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். சூப்பர்வைசர் தூக்கிக் காட்டி, "இதப் போடறவனுக்குக் கழுத்து எங்கம்மா இருக்கு?" என்றார். வரிசையே சிரித்தது. நானும்தான்.

கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். பழைய தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, இந்தத் தெருவில் திருட்டும் அதிகம்.

அவள் துணிமணி எல்லாம் ஒரு பையில் தயார். கூட்டிப் போகிறவள் பெயரையும் நாளையும் எழுது. உடம்பு பத்திரம்.

உன் தங்கை


மே 5

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சுகம் அறிய ஆவல். நான் நலம்.

பயணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது. காண்ட்ராக்டர் மாறிவிட்டார். புதியவர் பழைய ஆள் ஒப்புக்கொண்டதை எல்லாம் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். வெறும் கையெழுத்துத்தான். ஜூனில் ஆகிவிடும்.

அவளைப் பழையபடி மாற்றிவிடாதே. இவ்வளவு கஷ்டப்பட்டது வீணாகிவிடும். கூப்பிட்டதும் கிளம்புகிற மாதிரி இருக்கட்டும்.

பகலில் அவள் தூங்கும்போது வீட்டுக்காரம்மா ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறாள்தானே? அவளுக்கு என் வணக்கம்.

அக்கா


ஜூன் 6

அக்கா,

நலம் என்று எழுதினால் பொய், அதனால் எழுதவில்லை.

உன் மகள் வெளுத்துவிட்டாள். அழகாக என்று நினைத்துக்கொள்ளாதே. பானைக்கு அடியில் முளைத்த புல் மாதிரி. கால் வலிக்கிறது என்று நடக்க மாட்டேன் என்கிறாள். அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அவள் முட்டியைத் தட்டினார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"வெயில்ல வெளையாடுறாளா?"

"இல்ல."

"ஏன்?"

நான் என்ன சொல்ல? இவளுக்கு இப்போது ராத்திரி, டாக்டர் என்றா? பயணத்துக்குத் தயார் பண்ணுகிறோம் என்றேன். அவர் பேனாவை மூடினார். "பயணத்துக்கு மூணு நாலு நாள் முன்னாடி கொஞ்சம் மாத்துவாங்க. போய் எறங்கினா வெளிச்சமே மீதிய சரிபண்ணிடும். மாசக்கணக்கா யாராவது பிள்ளைய இருட்டுல வெப்பாங்களா? நீங்கல்லாம் படிச்சவங்களா?" என்றார். எனக்கு முகம் சுட்டது. ஒரு வாரம் பிள்ளை அழுதால் தெருவில் தள்ளிவிடுவார்கள் என்பதை எந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தொண்டை வேறு கட்டிக்கொண்டிருக்கிறது. குளிரக் குளிரத் தண்ணீர் குடிக்கிறாள், அதனால் இருக்கும். கதவின் அடிப்பக்கத்துப் பெயிண்டை எல்லாம் நகத்தால் உரித்து வைத்திருக்கிறாள். இந்த வயதில் எதையாவது சுரண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். வீட்டுக்காரம்மா வந்து பார்த்தால் கத்துவாள். நல்லவேளை, மகள் பிரசவத்துக்கென்று ஏப்ரலில் போனவள் இன்னும் திரும்பவில்லை.

ஜூன் பிறந்துவிட்டது. தேதி எங்கே? இல்லையென்றால் துணியைக் கழற்றிவிடுகிறேன். எனக்கு இந்தக் கறுப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உன் தங்கை


ஜூன் 24

தங்கைக்கு,

கழற்றாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த மாதம் நிச்சயம்.

மருந்தை விடாமல் கொடு. சாயங்காலம் எழுந்ததும் மீதியிருக்கும் வெயிலில் கொஞ்சம் நிற்க வை.

தொண்டை எப்போதிலிருந்து?

அக்கா


ஜூலை 19

அக்கா,

உன் பக்கத்து அறைக்காரி வந்திருந்தாள். மகனைத் திருப்பி அனுப்ப வைத்தார்களே, அவள்தான். வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டாளாம். உன் வாத்து மெத்தையைச் சுருட்டிக் கட்டிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மெத்தை இங்கே வந்தால் பிள்ளை அங்கே எதற்கு வரப்போகிறாள்?

போட்டோவில் சிட்டு தொட்டுக் காட்டிய குண்டுப் பெண் அவள்தான். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன்.

"உங்கக்காவும் நானும் ஒரே மெஷின். மூணு வருஷம் ஒண்ணா ராத்திரி பார்த்தோம்" என்றாள்.

"ராத்திரியா?"

"பின்ன? பகல்ல துவைச்சா நோயாளி எதுல படுப்பான்? சாயங்காலம் உள்ள போனா விடிஞ்சுதான் வெளிய. நடுவுல சாப்பாட்டுக்கு விடுவாங்க. அப்பத்தான் ஞாயித்துக்கெழம ஒங்களுக்குப் போன் பண்ணும். பாத்ரூம் பக்கம் நின்னுக்கிட்டு."

மூன்று வருடமாக எங்களுக்காகத் தூக்கம் கெடுத்துக்கொண்டு எழுந்தாய் என்று உருகினேன், அக்கா. நீ படுக்கவே இல்லை.

அவள் தன் மகனைப் பற்றியும் சொன்னாள். கேட்காமலேயே சொன்னாள். "தூங்கிட்டான்னு நெனச்சுப் பூட்டிட்டுப் போயிட்டேன். அவனுக்கு அப்பத்தான் பகலு. நான் போன கொஞ்ச நேரத்துலயே முழிச்சிருக்கான். கூடப் படுக்குறவளும் ராத்திரி ஷிப்டு. விடிய விடியக் கதவப் புடிச்சுக்கிட்டுக் கத்தியிருக்கான். தெனமும். எனக்குத் தெரியவேயில்ல. காலையில வந்தா தூங்கிக்கிட்டிருப்பான். சமத்துப் பிள்ளன்னு நெனச்சேன்." அவன் இப்போது வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லையாம். "கக்கூஸுக்குப் போனாக்கூட தொறந்து வெச்சுட்டுத்தான் போகணும். நான் வீட்டுக்குள்ளதான் இருக்கேன்னு பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கணும்" என்று சிரித்தாள். அப்படிச் சிரிக்க எங்கே கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

புதுக் காண்ட்ராக்டர் மே மாதமே பிள்ளைகள் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

ஆக, உனக்கு வேண்டியது நேரம் மாறின பிள்ளை இல்லை. பூட்டிவிட்டுப் போனால் விழிக்காத பிள்ளை. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை. அதை என் கையாலேயே செய்ய வைத்தாய். வேடிக்கை என்னவென்றால், உன் வேலைப்படி பார்த்தால் நீ விழித்திருப்பது நம் பகலில்தான். அவளை மாற்றாமலே விட்டிருந்தால், நீ ஒரு கண்டத்திலும் அவள் ஒரு கண்டத்திலும் இருந்துகொண்டு ஒன்றாகவே தூங்கி எழுந்திருப்பீர்கள். நீயெல்லாம் ஒரு தாயா?

கிளம்பும்போது வந்தவள் பெயிண்ட் உரிந்த கதவோரம் குனிந்து செருப்பு மாட்டினாள். கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று துணியைக் கிழித்து எறிந்தேன். திங்கட்கிழமை கம்பெனிக்குக் கிளம்பும் முன் மறுபடி தைத்து மாட்டினேன். ஏன் என்று கேட்காதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

எல்லாம் உண்மை. எதையும் மறுக்கவில்லை.

பூட்டிவிட்டுத்தான் போவதாக இருந்தேன். பகல் ஷிப்ட் மூன்று வருடமாகக் கேட்கிறேன், கொடுக்கவில்லை. பகலில் ஒரு காப்பகம் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும். ராத்திரி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. ராத்திரி வேலை செய்கிறவளுக்கும் பிள்ளை இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் ராத்திரி முழுக்கத் தூங்கினால் போதும், எழுவதற்குள் வந்துவிடுவேன், நான் இல்லாததே அவளுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். காலையில் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது தப்பு என்றால் தப்பு. கையெழுத்து வராது என்பதும் மே மாதமே தெரியும். எழுத முடியவில்லை. நீ துணியைக் கழற்றிவிட்டால் எல்லாமே முடிந்துவிட்ட மாதிரி இருக்கும் என்று பயந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன்.

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். காலையில் நீ கம்பெனிக்குப் போகிறாய். அதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள். பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா ஏப்ரலில் போனவள் திரும்பவில்லை. புதுப் பூட்டு வாங்கினாய். சாயங்காலம் நீ வந்து எழுப்பும்வரை தூங்குகிறாள் என்கிறாய்.

அவள் தூங்கவில்லை. தொண்டை குளிர்ந்த தண்ணீரால் கட்டவில்லை. நான் இங்கே நாளுக்கு நாள் அந்தப் பையனின் குரல் போவதைப் பார்த்தவள். அவனும் கதவின் அடிப்பக்கத்தைத்தான் சுரண்டினான். உயரம் அவ்வளவுதான் எட்டும்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. லீவு போட்டால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நீ என்னை எதற்குத் திட்டினாயோ, அதை ஏப்ரலிலிருந்து தினமும் செய்துகொண்டிருக்கிறாய். செய்ய நினைத்தவள் நான், செய்தவள் நீ.

நீ கம்பெனியில் இருக்கும்போது அவள் யாரிடம் இருக்கிறாள்? உடனே எழுது.

அக்கா


ஆகஸ்ட் 29

தங்கைக்கு,

உன் பதில் வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. ஒரு தடவை எடுத்த மாதிரி இருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. சிட்டு, சிட்டு என்று கூப்பிட்டேன். யாரோ பட்டனை அமுக்கினார்கள். கட்டாகிவிட்டது. அப்போது உங்களுக்கு மதியம். நீ வீட்டில் இருந்தாயா? ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடுகிறார்களா?

லீவு கேட்டேன். போனால் திரும்பி வர வேண்டாம் என்கிறார்கள். பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருக்கிறது. தினமும் கேட்கிறேன்.

திட்டி எழுது. நான் தாயே இல்லை என்று இன்னொரு தடவை எழுது. எதை வேண்டுமானாலும் எழுது. ஆனால் முதல் வரியில் இதற்குப் பதில் இருக்க வேண்டும். கதவு இப்போது திறந்திருக்கிறதா?


செப்டம்பர் 20

தங்கைக்கு,

கதவைத் திற.